பொழுதுபோக்கைப் பூட்டி வைக்கலாமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாய்; இனி மற்றதையெல்லாம் மூட்டை கட்டி வை.” இந்த அறிவுரையைக் கேட்காத மாணவி எங்கள் வகுப்பில் ஒருத்திகூட இருக்க முடியாது. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஒருத்தியின் வீணை உறைக்குள் போய்விட்டது. இன்னொருத்தியின் பூத்தையல் வளையம் பீரோவின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது. தபால்தலை சேர்த்து வந்தவள் தன் ஆல்பத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் போடப்பட்ட பூட்டு ஒன்றுதான்: “பரீட்சை முடியட்டும்.”

பெற்றோர் நம் நன்மைக்காகவே இதைச் சொல்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூட்டுவது எளிது, மறுபடி திறப்பதுதான் அரிது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்குப் பின் பதினொன்றும் பன்னிரண்டும் காத்திருக்கின்றன. அதன்பின் கல்லூரி, பிறகு வேலை, பிறகு குடும்பம். எந்தப் பரீட்சை முடிந்தபின் அந்தப் பூட்டைத் திறப்பது? என் தாத்தா தம் பூட்டைத் திறக்க 41 ஆண்டுகள் ஆயின. அவர் பூட்டி வைத்திருந்த கலை மரக்கடைசல். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கூறி, அதைக் கொண்டே என் கருத்தையும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கடைசல் என்னும் கலை

தச்சு வேலையில் மரம் அசையாமல் கிடக்கும், கருவிதான் அசையும். கடைசலில் இது தலைகீழ். மரம் சுழலும், உளி ஒரு தாங்கியின் மேல் நிலையாக நிற்கும். சுழலும் மரத்தில் உளி படும்போது சுருள் சுருளாகச் சீவல் பறக்கும். கோணல்மாணலான கட்டை உருண்டு திரண்டு வரும். நம் வீட்டுப் பூரிக் கட்டையும், கட்டில் காலும், தம்பிமார் சுற்றும் பம்பரமும், சதுரங்கக் காய்களும் இப்படிப் பிறந்தவையே.

இது மிகப் பழமையான தொழில். எகிப்து நாட்டில் கி.மு. 300ஆம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்ட பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறையில் இருவர் கடைசல் வேலை செய்யும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் கயிற்றை இருபுறமும் இழுத்து மரத்தைச் சுழற்றுகிறார். மற்றவர் உளியைப் பிடித்திருக்கிறார்.

நம் தமிழ் மொழியில் ஓர் அழகான ஒற்றுமை உண்டு. தயிரைக் ‘கடைகிறோம்’, மரத்தையும் ‘கடைகிறோம்’. இரண்டுக்கும் ஒரே சொல்தான். சற்று யோசித்தால் காரணம் விளங்கும். மத்தில் கயிற்றைச் சுற்றி வலமும் இடமுமாக இழுத்தால் மத்து சுழலும், வெண்ணெய் திரளும். மின்சாரம் வருவதற்கு முன் கடைசல் பட்டறையிலும் மரத்தில் கயிற்றைச் சுற்றி அப்படித்தான் இழுத்தார்கள். இந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எனக்கு இது தேவைப்படும்.

தென்னிந்தியாவில் இக்கலைக்குப் பெயர் பெற்ற ஊர்கள் பல. கர்நாடகத்தில் சென்னபட்டணம், ஆந்திரத்தில் ஏட்டிகொப்பாக்கா, நம் திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரம். சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு வெட்பாலை மரத்தை மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள். ஏட்டிகொப்பாக்காவில் விதை, பட்டை, வேர், இலை இவற்றிலிருந்து எடுத்த சாயங்களால் நிறம் ஏற்றுகிறார்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் இல்லாத கொலு உண்டா? குட்டிக் குடம், குட்டித் திருகை, குட்டி அடுப்பு என்று ஒரு சமையலறையே ஒரு பனையோலைப் பெட்டிக்குள் அடங்கிவிடும். எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளிலும் பெண் குழந்தைகள் அந்தச் சொப்பு வைத்து விளையாடித்தான் வளர்ந்தார்கள்.

இந்தப் பொம்மைகளுக்கு நிறம் பூசும் முறை வியப்புக்குரியது. தூரிகை கிடையாது. நிறம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்திப் பிடிக்கிறார்கள். உராய்வினால் சூடு பிறக்கும்; அச்சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் அரக்கு ஒரே சீராகப் பரவிப் பளபளக்கும். உராய்வு வெப்பத்தைத் தரும் என்று நாம் அறிவியல் பாடத்தில் ஒரு வரியாக எழுதுகிறோம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர்கள் பல தலைமுறைகளாகப் பொம்மைகளுக்கு நிறம் ஏற்றி வந்திருக்கிறார்கள்.

41 ஆண்டு இடைவெளி

என் தாத்தா அம்பாசமுத்திரத்தில் பிறந்தவர். சிறு வயதில் பள்ளி விடுமுறை வந்தால் தெருக்கோடியில் இருந்த ஒரு கடைசல் பட்டறையிலேயே பழியாய்க் கிடப்பாராம். அங்கிருந்த ஆசாரி முதல் வருடம் முழுவதும் மரத்தூள் அள்ளவும் உளி தீட்டவும் மட்டுமே விட்டாராம். இரண்டாம் வருடம் பம்பரம் கடையவும், அதன்பின் சொப்புக் கடையவும் கற்றுக்கொடுத்தாராம். அரக்கு ஏற்றும் வேலையைத் தொடங்கும் சமயத்தில், 1978ஆம் ஆண்டு, தாத்தாவுக்குத் தபால் துறையில் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 19. “லீவில் வந்து மிச்சத்தைப் படித்துக்கொள்கிறேன்” என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த லீவு வரவே இல்லை. ஊர் ஊராக மாற்றல், தங்கைகளின் திருமணம், பிள்ளைகளின் படிப்பு என்று காலம் ஓடிவிட்டது. 2019இல் ஓய்வு பெற்ற பிறகு, மேசை மேல் வைக்கக்கூடிய ஒரு சிறிய கடைசல் இயந்திரத்தை வாங்கிப் பின்கட்டில் பொருத்தினார். “இந்த வயதில் இது எதற்கு?” என்று என் அப்பா கேட்டார். “உளி கண்ணில் பட்டுவிடப் போகிறது” என்று ஆச்சி பயந்தார்கள்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று பழமொழி சொல்கிறோம். அதன் மறுபக்கத்தை நான் தாத்தாவிடம் பார்த்தேன். ஐந்தில் வளைந்தது அறுபதிலும் வளைகிறது. 41 ஆண்டுகள் உளியைத் தொடாத கை, அதைத் தாங்கியில் வைத்ததும் தானாகவே சரியான சாய்வுக்குப் போய்விட்டது. முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, கையை அசைக்காமல் உடம்பையே மெல்லச் சாய்த்து உளியை நகர்த்த வேண்டும் என்று அவருக்கு யாரும் நினைவூட்டவில்லை.

ஆனால் எல்லாமே திரும்பி வந்துவிடவில்லை. அரக்கு ஏற்றுவது மட்டும் அவருக்குக் கைவரவில்லை. எத்தனை முறை முயன்றாலும் வரி வரியாகத் திட்டுத்திட்டாகவே படிகிறது. எந்த வேகத்தில் சுழற்ற வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், மடலை எந்த நொடியில் வைக்க வேண்டும் என்று கேட்க ஆசாரி இன்று இல்லை. அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு கைப்பேசிக் கடை இருக்கிறது. “நான் திரும்பி வந்தேன் பாப்பா, ஆனா சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையே” என்று தாத்தா ஒரு நாள் சொன்னார்கள். ‘பிறகு’ என்று நாம் ஒத்திப்போடும்போது நம்முடைய காலம் மட்டும் கழிவதில்லை. நமக்குக் கற்றுத்தரக் கூடியவர்களின் காலமும் கழிகிறது.

மரத்திலிருந்து பேனா

தாத்தா இப்போது கடைவது பெரும்பாலும் பேனாக்கள்தாம். “பேத்தி பெரியவளாகிவிட்டாள், சொப்பு வேண்டாம்; எழுதத்தானே செய்கிறாள்” என்று தொடங்கினார்கள். பேனாவுக்கு வேண்டிய மரம் மிகக் குறைவு. 5 அங்குல நீளமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள ஒரு கட்டை போதும். அதற்காக எந்த மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஒடிந்த கட்டில் கால் ஒன்று கிடந்தது. அந்தத் தேக்கில் இரண்டு பேனாக்கள் வந்தன. புயலில் விழுந்த பூவரசங் கிளையிலும், பழைய மாவுக் கட்டையிலும்கூடப் பேனா செய்திருக்கிறார்கள். ஆனால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் செய்தால் காயும்போது வெடித்துவிடும்.

கட்டையை இரண்டாக அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் 7 மில்லிமீட்டர் துளையிட வேண்டும். துளை கோணினால் கடையும்போது ஒரு பக்கம் மெலிந்து பிளந்துவிடும். துளைக்குள் பித்தளைக் குழாயைப் பசை தடவிச் செருக வேண்டும். பசை காய்ந்தபின் நீண்ட இரும்புக் கம்பியில் கோத்து இயந்திரத்தில் மாட்டி, முதலில் குழி உளியால் சதுரத்தை உருட்ட வேண்டும். பிறகு சாய்வு உளியால் மெருகாகச் சீவ வேண்டும். உளி முதலில் தாங்கியில் பட வேண்டும், பிறகே மரத்தில் பட வேண்டும். உளியின் சரிவு மரத்தை உரசியபடி இருக்க, கூர்முனை மெல்ல இறங்க வேண்டும். அவசரப்பட்டு முனையைக் குத்தினால் மரம் உளியைப் பிடுங்கிவிடும். நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கும் மேல் சுழலும் மரத்தோடு நாம் பலப்பரீட்சை செய்ய முடியாது.

கடைந்து முடிந்ததும் உப்புத்தாள். முதலில் சொரசொரப்பானது, வரவர மென்மையானது. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் விட்ட கீறலை அழிக்க வேண்டும். ஒரு படியைத் தாண்டிவிட்டால் அந்தக் கீறல் கடைசிவரை தெரியும். பிறகு எண்ணெயும் மெழுகும் பூசித் துணியால் தேய்த்தால், மரத்துக்குள் ஒளிந்திருந்த வரிகள் மேலே வரும். முனை, மை நிரப்பிய குச்சி, சட்டையில் செருகும் கவ்வி முதலிய உலோகப் பாகங்கள் தொழிற்சாலையில் செய்து வருபவை. அவற்றை வாங்கிப் பொருத்துகிறோம். ஆகவே ‘முழுப் பேனாவையும் நாங்களே செய்தோம்’ என்று சொன்னால் அது உண்மையாகாது.

மைப்பேனாவையும் கடைசலில் செய்வதுண்டு. அதற்கு மரத்தைவிட எபனைட் என்ற பொருளே ஏற்றது. ரப்பருடன் மிகுதியாகக் கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் அது கல் போல் இறுகும். கருங்காலி மரத்தைப் போல் இருப்பதால் கருங்காலியின் ஆங்கிலப் பெயரை ஒட்டி அதற்குப் பெயரிட்டார்கள். ஆந்திரத்து ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் என்பவர் இத்தகைய பேனாக்களைச் செய்து வந்தார். நம் நாட்டிலேயே செய்த அவருடைய பேனா ஒன்று காந்தியடிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதில் எழுதிப் பார்த்து, 1935ஆம் ஆண்டில் பாராட்டி மடல் எழுதினார். அதைக் காந்தியடிகளிடம் சேர்ப்பித்தவர் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கிராமக் கைத்தொழில்கள் வாழ வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் உழைத்த நம் தமிழர் அவர். இன்றும் ராஜமுந்திரியிலும், நம் திருவள்ளூரிலும் எபனைட் பேனாக்களைக் கையாலேயே கடைந்து வருகிறார்கள்.

எதிர்ப்புகளும் என் விடைகளும்

தாத்தாவின் பின்கட்டில் நானும் கடைசல் கற்று வருகிறேன். இதைக் கேள்விப்பட்ட உறவினரும் தெரிந்தவரும் சொல்லும் மறுப்புகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது: “பத்து ரூபாய்க்குக் கடையில் பேனா கிடைக்கிறதே, இதற்கு ஒரு நாள் முழுக்க மெனக்கெட வேண்டுமா?” கிடைக்கிறது, உண்மைதான். அந்தப் பேனா மை தீர்ந்ததும் குப்பைக்குப் போகிறது. ஒரு வருடத்தில் எத்தனை பேனாக்களை எறிந்தோம் என்று நம்மில் யாராவது எண்ணியதுண்டா? ஆனால் கையால் கடைந்த பேனாவை எறிய மனம் வராது. மைக்குச்சியை மட்டும் மாற்றிக்கொள்வோம். அதுவும் தவிர, விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் வீட்டில் முறுக்குச் சுடுவதும் வீண், மல்லிகை கட்டுவதும் வீண். எல்லாம்தான் கடையில் கிடைக்கின்றனவே!

இரண்டாவது: “பெண் பிள்ளைக்கு எதற்குப் பட்டறை வேலை?” இங்கேதான் நான் முன்பு சொன்ன சொல் எனக்குத் துணைக்கு வருகிறது. தலைமுறை தலைமுறையாகத் தயிர் கடைந்தவர்கள் யார்? கீரை கடைந்தவர்கள் யார்? கயிற்றை இழுத்துக் கடையும் வேலை பெண்ணுக்கு ஆகும், உளி பிடித்துக் கடையும் வேலை மட்டும் ஆகாதா? சென்னபட்டணத்தில் பெண்களும் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். இதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. பின்னலைக் கொண்டையாக முடிய வேண்டும். துப்பட்டாவையும் வளையலையும் கழற்றி வைக்க வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். மரத்தூள் நெஞ்சுக்குள் போகாமல் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தாத்தா இயந்திரத்தைத் தொட விடமாட்டார்கள். அடுப்பிலும் அரிவாள்மணையிலும் ஆபத்து இல்லையா? அவற்றைக் கற்றுக்கொடுக்கும்போது, “கவனமாகச் செய்” என்கிறோமே தவிர, “செய்யாதே” என்பதில்லையே.

மூன்றாவது, மிகவும் வலுவானது: “அரசுப் பொதுத் தேர்வு வருகிறது.” இதற்கு நான் சாமர்த்தியமாக விடை சொல்ல விரும்பவில்லை. கடைசல் கற்றதால் மதிப்பெண் கூடும் என்று சொன்னால் அது வெறும் ஆசை வார்த்தையாகிவிடும். எங்கள் வீட்டிலும் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அம்மா முழுவதுமாக நிறுத்தச் சொன்னார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. தாத்தா என் பக்கம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ, “அவ அம்மா சொல்றதுதான் சரி, படிப்புதான் முதல்” என்றார்கள். பிறகு சற்று நேரம் கழித்து, “ஆனா நிறுத்தாதே, குறைச்சுக்கோ” என்றார்கள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தபின் ஒரே ஒரு மணி நேரம் என்று முடிவாயிற்று. தேர்வு மாதத்தில் அதுவும் அரை மணி நேரம்தான். அம்மாவும் சம்மதித்தார்கள்.

இந்த ஒரு மணி நேரத்தில் நான் ஒரு முழுப் பேனாவைச் செய்து முடிப்பதில்லை. சில வாரம் உளி தீட்டுவதோடு சரி. ஆனாலும் கை மறக்காமல் இருக்கிறது. நிறுத்துவதற்கும் குறைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அணைந்த அடுப்பை மூட்டுவதைவிடக் கங்கு உள்ள அடுப்பை ஊதுவது எளிது அல்லவா? அந்த ஒரு மணி நேரமும் வெறுமனே போவதில்லை. ஒரே சுழல் வேகத்திலும் தடித்த கட்டையின் விளிம்பு மெல்லிய கட்டையின் விளிம்பைவிட விரைவாக ஓடுகிறது. ஆகவே தடித்த கட்டைக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். புத்தகத்தில் வாய்பாடாகப் படிப்பதை அங்கே கை வழியாகப் படிக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் ஒரு மணி நேரமாவது மதிப்பெண் போடாத ஒரு வேலையைச் செய்கிறேன். அங்கே எனக்கு முதலிடமும் இல்லை, கடைசி இடமும் இல்லை.

என் வேண்டுகோள்

நம் கோயில்களில் உள்ள புனித சூசையப்பர் சுரூபத்தின் காலடியில் தச்சுக் கருவிகளைப் பார்த்திருக்கிறோம். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். கைத்தொழிலை இவ்வளவு போற்றும் நாம், பள்ளியின் கால அட்டவணையில் அதற்கு என்ன இடம் கொடுக்கிறோம்? கைவேலை வகுப்பு என்று ஒன்று அட்டவணையில் இருக்கிறது. கணக்குத் தேர்வு வைக்க வேண்டுமென்றால் முதலில் போவது அந்த வகுப்புத்தான். அன்பு அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் அந்த ஒரு வகுப்பையாவது எங்களுக்கு விட்டுத்தர வேண்டும். முடிந்தால் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு கடைசல்காரரையோ, பாய் முடைபவரையோ, மட்பாண்டம் வனைபவரையோ பள்ளிக்கு அழைத்து, நாங்கள் கேள்வி கேட்க ஏற்பாடு செய்ய வேண்டும். பிளாஸ்டிக் சாமான்கள் வந்தபின் இத்தொழில்கள் நலிந்துவிட்டன. எங்களுக்குப் பொழுதுபோக்காக இருப்பது அவர்களுக்குச் சோறு போடும் தொழில். அவர்களை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதைவிட, அவர்கள் பொருளுக்கு உரிய விலை கொடுத்து வாங்குவதே பெரிய மரியாதை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் “நிறுத்து” என்று சொல்லாதீர்கள். “குறைத்துக்கொள்” என்று சொல்லுங்கள். உங்களிலும் பலர் உங்கள் பெற்றோர் சொல்லுக்காக எதையாவது பூட்டி வைத்தவர்களாகவே இருப்பீர்கள். அப்பா வரைந்து பாதியில் விட்ட படம், அம்மா பாடாமல் விட்ட பாட்டு எங்கோ பரணில்தான் இருக்கிறது. அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். நீங்கள் திரும்பிப் போவதைப் பார்த்தால் எங்களுக்கும் விட்டுவிட மனம் வராது.

தோழிகளே, உங்களுக்குச் சொல்வது இதுதான். உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் இன்னும் இருக்கும்போதே மிச்சத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் யாருடைய மதிப்பெண்ணையும் விழுங்கிவிடாது. தேர்வு முடிந்த மறுநாள் தாத்தாவும் நானும் சென்னபட்டணத்துக்குப் போவதாக இருக்கிறோம். அரக்கு ஏற்றத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1978இல் விட்ட பாடத்தைத் தாத்தாவும், என் முதல் பாடத்தை நானும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கப் போகிறோம்.